தறி வீட்டில் கற்றது: ஐயங்கார்குளத்தில் ஓர் ஆபீஸ் அறை

வீட்டிலேயே உட்கார்ந்து சம்பாதிப்பது காஞ்சிபுரம் வட்டாரத்துக்குப் புதிதில்லை. லேப்டாப் வருவதற்குப் பல தலைமுறை முன்பே பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் கூடத்தைத் தறிதான் ஆண்டுகொண்டிருந்தது. முதலில் தறிக்கு இடம். கட்டிலும் பீரோவும் மிச்சம் இருக்கும் இடத்தில். வீட்டுக்காரர் காலையில் தறியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார்.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் காஞ்சிபுரம் பக்கத்து ஐயங்கார்குளத்திலிருந்தே வேலை பார்க்கிறேன். வீடியோ மீட்டிங்கில் என் அறையைப் பார்த்த நண்பர்கள், குறிப்பாக ஊருக்குத் திரும்பி வர நினைக்கும் ஆண் நண்பர்கள், "டேபிள் எங்க வாங்கின, சேர் எந்த பிராண்டு, பின்னாடி தொங்குறது என்ன" என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தப் பதிவு. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் முதல் பதில். வீட்டில் வேலை செய்யும் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் நல்ல உதாரணம் அதுதான்.

தறியைக் கவனியுங்கள்

குழித்தறியில் நெய்பவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிடுகிறார். மிதிகள் பாதத்துக்கு நேர் கீழே. நெய்த துணி வயிற்றுக்கு முன்னால், முழங்கை மடங்கும் உயரத்தில். ஊடை இழையைக் கொண்டு ஓடும் நாடாவை இழுக்கும் கயிறு கைக்கு எட்டும் தூரத்தில். எதற்காகவும் எட்டவோ குனியவோ வேண்டாம். பாவின் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் அறுந்த இழை கண்ணில் படும்; அதனால் ஜன்னலைப் பார்த்துத்தான் தறி நிற்கும், அந்தி சாய்ந்தால் தலைக்கு மேலே ஒரு விளக்கு தொங்கும்.

கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் தனித்தனி நிறம். மூன்று நாடா ஓடும், பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொடுக்க இன்னோர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டில் உள்ள ஒருவர். ஆக அந்த வேலையிடம் ஓர் ஆளின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்ததாகவும், வீட்டு மனிதர்கள் வந்துபோக வழி உள்ளதாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. அதில் குறையும் உண்டு. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் தறி நின்றுவிடும். நாள் முழுக்க ஒரே இருப்பில் இருப்பதால் நெசவாளர்களுக்கு முதுகுவலியும் முழங்கால் வலியும் தீராத துணை. அந்தக் குறைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நம் அறையை அமைக்க வேண்டும்.

உடம்பு, வெளிச்சம், வீட்டு மனிதர்கள். இந்த மூன்றும் சரியாக அமைந்த அறை தானாகவே அழகாக இருக்கும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

எந்த அறை?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லோரும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். கட்டில், சாப்பாட்டு மேசை, மாடிப்படி. அதே ஆண்டு நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பிபிஓ போன்ற நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு இருந்த பல நிபந்தனைகளை எடுத்துவிட்டது. தற்காலிகம் என்று நினைத்தது பலருக்கு நிரந்தரமானது. கிராமத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுத முடியுமா என்ற சந்தேகத்துக்கு அதற்கும் முன்பே பதில் வந்துவிட்டது: சோஹோ நிறுவனம் 2011இலேயே தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது.

நம் பக்கத்துப் பழைய வீடு என்றால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என்ற வரிசை இருக்கும். ஆபீஸுக்கு நான் சிபாரிசு செய்வது ரேழியை ஒட்டிய முன்னறை. வருகிறவர்களை வாசலிலேயே பார்க்கலாம், உள்ளே வீடு தன் போக்கில் நடக்கும். கூடத்தில் மேசை போட்டால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நடமாட வேண்டியதுதான். ஆண் வேலை பார்க்கிறான் என்பதற்காக டிவியும் குழந்தைகளும் சமையலறைச் சத்தமும் அடங்கிப்போக வேண்டும் என்பது நியாயமே இல்லை. தனி அறை என்பது நமக்குச் செய்துகொள்ளும் வசதி மட்டுமல்ல, வீட்டை வீட்டாருக்குத் திருப்பிக் கொடுப்பதும்கூட.

பத்துக்கு எட்டு அடி போதும். ஒரு ஜன்னல், சாத்தக்கூடிய ஒரு கதவு. மாடியில் தகரக் கூரை அறை வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் அங்கே பகலில் உட்காரவே முடியாது.

வெளிச்சம்

காஞ்சிபுரம் ஏறத்தாழ 12.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தையொட்டியும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில் கூசாத, சீரான வெளிச்சம் வடக்கு ஜன்னலில்தான் கிடைக்கும். கோடையில் காலையும் மாலையும் சாய்வெயில் எட்டிப் பார்க்கும். அதற்கு வெளியே ஒரு தட்டி கட்டினால் போதும். மேற்கு ஜன்னலை மட்டும் நம்பாதீர்கள். மூன்று மணிக்கு மேல் திரையும் தெரியாது, அறையும் கொதிக்கும்.

மேசையை எப்படிப் போடுவது? கிழக்கு பார்த்து உட்காரச் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்படி உட்கார்ந்தால் வடக்கு ஜன்னல் இடது கைப்பக்கம் வருகிறது. வலது கையால் எழுதுகிறவருக்குத் தன் கை நிழல் தாளில் விழாது, திரையிலும் ஜன்னல் பிரதிபலிக்காது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வந்தால் மீட்டிங்கில் முகம் கறுத்துத் தெரியும்; முகத்துக்கு நேரே வந்தால் கண் கூசும். பக்கவாட்டு வெளிச்சம்தான் சரி. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இதை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

இரவு வேலைக்கு அறை நடுவில் ஒரே ஒரு ட்யூப்லைட் போதாது. சுவரில் மங்கலாக ஒன்று, மேசையில் வளைக்கக்கூடிய விளக்கு ஒன்று. 4000 கெல்வின் எல்இடி வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளையும் இல்லை, தூக்கம் வரவழைக்கும் மஞ்சளும் இல்லை.

மேசையும் நாற்காலியும்

கிராமத்தில் இருப்பவர்களுக்கு நகரத்தில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஆசாரி வீட்டுக்கே வந்து அளவெடுப்பார். கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 29, 30 அங்குல உயரம். ஐந்தரை அடி ஆளுக்குத் தட்டச்சு செய்ய அது அதிகம். தோளைத் தூக்கித் தூக்கி மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

எனக்கு மேசை செய்த ஆசாரி முதலில் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். என்னை அதில் உட்காரவைத்து, பாதம் முழுதாகத் தரையில் பதிகிறதா என்று குனிந்து பார்த்தார். "தோள விடுங்க சார்... இன்னும் விடுங்க" என்று சொல்லி, முழங்கையை மடக்கவைத்து, தரையிலிருந்து முழங்கை வரை டேப்பைப் பிடித்தார். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே ஒரு கோடு போட்டார். 27 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மேசை அந்தக் கோட்டுக்குத்தான் செய்யப்பட்டது. நெசவாளருக்குத் துணி வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கிற அதே கணக்கு.

மற்ற அளவுகள்: நீளம் ஐந்தடி, ஆழம் இரண்டரை அடி. திரை ஒரு கை நீட்டும் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே. லேப்டாப் மட்டும் இருந்தால் அதை ஒரு பலகை மேல் உயர்த்தி, தனிக் கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொள்ளுங்கள். தலை குனிந்தே வேலை பார்ப்பவர்களின் கழுத்துவலிக்கு இதுதான் மலிவான மருந்து.

மரம் என்றால் எல்லோரும் தேக்கு என்பார்கள். வேம்பும் பூவரசும் இந்த மண்ணில் வளர்பவை, விலையும் கையைக் கடிக்காது. நன்றாகக் காய்ந்த மரமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். பச்சை மரம் ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். பிளைவுட் என்றால் தண்ணீர் தாங்கும் ரகம். கரையான் நடமாட்டம் உள்ள வீட்டில் மேசைக் கால்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். புத்தகங்களுக்கும் ஃபைல்களுக்கும் சுவரில் கடப்பாக் கல் பலகை பதியுங்கள். கரையான் தொடாது, பாரம் தாங்கும், அந்தக் கருமை வெள்ளைச் சுவரில் எடுப்பாகவும் இருக்கும்.

நாற்காலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உயரம் கூட்டிக் குறைக்க வேண்டும், இடுப்புக்குத் தாங்கல் வேண்டும், முதுகு வலைத்துணியாக இருக்க வேண்டும். ரெக்சின் போட்ட பெரிய முதலாளி நாற்காலி பார்வைக்கு மிடுக்கு; நம் ஊர் வியர்வைக்கு ஆகாது.

பழைய சாமான் பிரியர்களுக்கு ஒன்று. ஊர்க் கணக்கர் பதவி 1980இல் ஒழிக்கப்படும் வரை கிராமத்தின் நிலக் கணக்கு பல இடங்களில் திண்ணையிலேயே எழுதப்பட்டது. தரையில் சம்மணமிட்டு எழுதுவதற்கென்றே சாய்வு மூடி போட்ட மரப்பெட்டி இருந்தது: கணக்குப்பிள்ளைப் பெட்டி. மூடியின் மேல் எழுதலாம், உள்ளே மைக்கூடும் தாள்களும். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கும். கையெழுத்து வேலைகளையும் வாசிப்பையும் நான் பாயில் உட்கார்ந்து அப்படிப்பட்ட பெட்டியில்தான் செய்கிறேன். நாற்காலியில் இருந்து கீழே, கீழே இருந்து நாற்காலிக்கு என்று மாறுவதால் உடம்பு ஒரே இருப்பில் உறைந்துபோவதில்லை. நெசவாளரின் முதுகுவலியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இது.

வெயில்

ஏப்ரல் முதல் ஜூன் வரை 40 டிகிரி நம் பக்கத்தில் சாதாரணம். ஏசி வாங்குவதற்கு முன்னால் மொட்டை மாடியைக் கவனியுங்கள். கோடைக்கு முன் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ இரண்டு கை அடித்தால் கீழே வித்தியாசம் தெரியும். ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர் தட்டி, மதியம் அதில் தண்ணீர். தட்டியும் திரையும் ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டு அதிகப் பயனில்லை.

மாலையில் கடற்காற்று காஞ்சிபுரம் வரை வந்து சேரும். கிழக்கில் ஒரு ஜன்னலும் எதிரே ஒரு திறப்பும் இருந்தால் ஐந்து மணிக்கு மேல் விசிறிகூட வேண்டியிராது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு கிடைத்தவர்கள் அதை இடிக்காதீர்கள். மரச்சட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்தக் கூரையும், ஒன்றரை அடிச் சுவரும் பகல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். விசிறிக் கொக்கியைச் செங்கல்லில் துளைக்காமல் மரச்சட்டத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

கரண்ட், இன்டர்நெட்

ஊரில் கரண்ட் போகும் என்பதை ஏற்றுக்கொண்டே திட்டமிடுங்கள். இன்வர்ட்டர் கணக்கு எளிது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1800 வாட்-மணி. இழப்பெல்லாம் போக 1100, 1200 கைக்கு வரும். லேப்டாப் 60 வாட், திரை 25, பிஎல்டிசி விசிறி 30, விளக்கு 10, ரவுட்டர் 15. மொத்தம் 140. ஏழெட்டு மணி நேரம் ஓடும். பழைய 75 வாட் விசிறியை வைத்திருந்தால் ஆறு மணியோடு முடிந்துவிடும். விசிறியை மாற்றுவது இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட மலிவு.

பழைய வீடுகளில் பலர் பார்க்கத் தவறுவது எர்த். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இழுக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். கோடையில் குழி காய்ந்துவிட்டால் எர்த் சரியாக வேலை செய்யாது; அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

இன்டர்நெட்டுக்கு ஃபைபர் ஒன்று, வேறொரு கம்பெனியின் மொபைல் டேட்டா ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனியாக வேண்டாம். ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வருகிறது. வர்தா, மிக்ஜாம் போன்ற டிசம்பர் புயல்களில் முதலில் அறுவது அதுதான். ஒன்றரை அடிச் சுவர் வெயிலைத் தடுப்பதுபோலவே வைஃபையையும் தடுக்கும். ரவுட்டரிலிருந்து மேசைக்கு நேராக ஒரு கேபிள் இழுத்துவிட்டால் மீட்டிங் நடுவில் குரல் அறுகிற தொல்லை தீரும்.

சத்தமும் திருவிழாவும்

சிமென்ட் தரை, வெறும் சுவர், தேக்குக் கதவு: இப்படிப்பட்ட அறையில் பேசினால் எதிரொலிக்கும். அதற்கு விலை உயர்ந்த ஃபோம் பலகை தேவையில்லை. எனக்குப் பின்னால் தொங்குவது பவானி ஜமக்காளம். கனமான பருத்தி, சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கோடுகள். எதிரொலியை உறிஞ்சுகிறது, கேமராவுக்கு நல்ல பின்னணியாகவும் நிற்கிறது. தரையில் வந்தவாசிக் கோரைப்பாய். இரண்டும் சேர்ந்து அறையின் ஓசையையே மாற்றிவிட்டன.

வெளிச் சத்தத்துக்குக் காதை மூடும் ஹெட்செட், வாய்க்கு அருகில் மைக். ஆடி மாதம் கூழ் வார்த்தல், மார்கழி அதிகாலைப் பாட்டு, ஊர்க் கல்யாணம், இவற்றோடு சண்டை போட முடியாது, போடவும் கூடாது. சித்ரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் எங்கள் ஊருக்கு எழுந்தருளுகிறார். மற்ற நாட்களில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் நடவாவிக் கிணற்று மண்டபத்தை அன்றைக்காக நீர் இறைத்துத் திறப்பார்கள். பெருமாள் படியிறங்கி உள்ளே வருவார். அன்று நான் விடுப்பு. ஊரில் இருந்து வேலை பார்ப்பவன் ஊரின் காலண்டரையும் ஆபீஸ் காலண்டரில் ஏற்றிவைக்க வேண்டும். ஆண்டு தொடக்கத்திலேயே மேலாளரிடம் சொல்லிவிட்டால் யாரும் மறுப்பதில்லை.

அழகு

ஆண்களுக்கான அறை என்றால் இணையப் படங்களில் ஒரே மாதிரி வருகிறது: கறுப்புச் சுவர், தோல் சோபா, நீல எல்இடி கோடு. நம் வெயிலில் கறுப்புச் சுவர் அறையை இருட்டாக்கும், விளக்கை நாள் முழுக்க எரிய வைக்கும். ஆண்மையான அழகு என்பது என் கணக்கில் திருத்தம்தான். நேர்த்தியாக இழைத்த மரம், ஒளித்துவைத்த ஒயர்கள், ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம்.

என் அறையில் சுவர் சுண்ணாம்பு வெள்ளை. தரை சிவப்பு ஆக்சைடு, புதிதாக டைல்ஸ் போடாமல் பழையதையே மெருகேற்றியது. வேப்ப மேசை, கடப்பாப் பலகை, பிரம்பு நாற்காலி ஒன்று வருகிறவர்களுக்கு. சட்டை மாட்ட மரக் கொக்கி. வாசலோரம் செருப்புக்கும் ஹெல்மெட்டுக்கும் தனி இடம். வெள்ளை, சிவப்பு, மரநிறம், கறுப்பு என்ற நான்கு நிறத்துக்குமேல் ஏறவிடுவதில்லை. மேசைக்கு அடியில் ஒரு மரத் தட்டு. அடாப்டர், பிளக், ஒயர் எல்லாம் அதற்குள் போய்விடும். அறையை ஒரே நாளில் அழகாக்க வேண்டும் என்றால் இந்தத் தட்டைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

"நீ வீட்லதான இருக்க"

ஊரில் வேலை பார்ப்பவருக்குத் தலைவலி ஒன்று உண்டு. நாம் வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறோம் என்றுதான் ஊர் நினைக்கும். "தம்பி, நீ வீட்லதான இருக்க, பட்டா மாத்த ஒரு மனு போட்டுக் குடுப்பா" என்று வரும் பெரியவரை எப்படித் திருப்பி அனுப்புவது? கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவன் ஊரில் இருப்பது அவர்களுக்கு உண்மையிலேயே உதவி. அதனால் திண்ணையை அதற்கு ஒதுக்கினேன். மாலை ஆறரை மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம். "ஆறரைக்கு வாங்க பெரிப்பா, உக்காந்து பாத்துடலாம்" என்றால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பகலில் கதவு சாத்தியிருந்தால் வேலை நடக்கிறது என்பது இப்போது தெருவுக்கே தெரியும்.

வீட்டுக்குள்ளும் இதே தெளிவு வேண்டும். காலையில் குளித்து, சட்டை போட்டு, நேரத்துக்கு உட்காருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தால் கண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மாலையில் லேப்டாப்பை மூடியதும் அதை அறையிலேயே விட்டு வெளியே வாருங்கள். கூடத்துக்குக் கொண்டுவந்தால் தனி அறை போட்டதே வீண். மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் ஒரே மேசையில் முறை வைக்காதீர்கள், அவருக்கும் அவர் அளவில் ஒரு மேசை செய்யுங்கள். ஆசாரியின் டேப் அவருடைய முழங்கைக்கு வேறோர் அளவு காட்டும்.

எதற்கு முதலில் செலவு?

ஒரே மாதத்தில் எல்லாம் முடியாது. என் வரிசை இது: எர்த்தும் ஒயரிங்கும் முதலில், ஏனென்றால் அது உயிர் விஷயம். அடுத்து நாற்காலி. மூன்றாவது, அளவெடுத்த மேசை. நான்காவது இன்வர்ட்டரும் இரண்டாவது இணைய இணைப்பும். பிறகு மாடிக்கு வெள்ளை, ஜன்னலுக்குத் தட்டி. ஜமக்காளமும் பிரம்பு நாற்காலியும் கடைசியில், கையில் காசு புழங்கும்போது. முதல் நான்கையும் தள்ளிப்போட்டுவிட்டு அலங்காரத்தில் இறங்கினால் அறை படத்தில்தான் நன்றாக இருக்கும்.

சென்னைக்குப் போகாமல் சென்னைச் சம்பளம் வாங்க முடிகிற காலம் இது. அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு ஊர் ஆசாரிக்கும் பாய் முடைகிறவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஊருக்குத் திரும்ப யோசிக்கும் நண்பர்களே, அறை அளவையும் ஜன்னல் எந்தத் திசை என்பதையும் எழுதி அனுப்புங்கள். மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.